கை அசைய ஓடும் மணிக்கூடு

சின்னராசா மணிக்கூடு வாங்கவென்று வீட்டிலிருந்து புறப்படவில்லை. விதைநெல் பார்க்கத்தான் மாங்குளத்துக்குப் போனான். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு பங்குனி மாதம் அது. வட்டக்கச்சியில் காலபோக அறுவடை முடிந்து, வயல்கள் அரிதாளோடு சும்மா கிடந்தன. சிறுபோகத்துக்கு நல்ல விதைநெல் தருவதாகச் சொன்ன மனிதர் பதினொரு மணிக்குச் சந்தியில் நிற்பதாகச் சொல்லியிருந்தார். பன்னிரண்டாகியும் ஆளைக் காணவில்லை.

சண்டை ஓய்ந்து, பாதை திறந்து ஒரு வருடமாகியிருந்தது. யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்குமாகப் போய்வந்த வாகனங்கள் கிளப்பிவிட்ட செம்புழுதி, கீழே இறங்க மனமில்லாததுபோல வெயிலில் அந்தரத்திலேயே நின்றது. அதற்குள் ஆட்கள் தோன்றினார்கள், மறைந்தார்கள். சின்னராசாவும் அதற்குள் நடந்தான். எங்கே போகிறோம் என்ற எண்ணமே இல்லாத நடை. இடிந்த சுவர்களுக்கு முன்னால் தகரமும் தறப்பாளுமாக எழும்பியிருந்த கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனவன், ஒரு குடைக்குக் கீழே, கண்ணாடி மூடி போட்ட பெட்டி ஒன்றின் முன்னால் நின்றுவிட்டான்.

பெட்டிக்குப் பின்னால் இருந்தவனுக்கு முப்பது வயதிருக்கும். றிஸ்வி என்று பெயர். தண்ணீரூற்றுக்காரன். முஸ்லிம் சனங்களை வெளியேற்றியபோது போய்ப் பன்னிரண்டு வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டு, தகப்பனின் காணி எப்படிக் கிடக்கிறது என்று பார்த்துவிட்டுப் போக வந்தவன், அங்கேயே கொட்டில் போட்டுக்கொண்டு தங்கிவிட்டான். இதையெல்லாம் அவனாகவே சொன்னான். சின்னராசா கேட்டுக்கொண்டிருந்தானே தவிர, கண் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

வரிசையாகக் கிடந்த மணிக்கூடுகளில் ஒன்றுக்கு மட்டும் முகம் இல்லை. இலக்கங்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெட்டித் திறந்து கிடந்தது. உள்ளே பித்தளைச் சக்கரங்கள் ஒன்றின் பல்லை மற்றது பிடித்துக்கொண்டு நின்றன. மாதுளம் முத்தின் நுனியளவில் சிவப்புக் கல் ஒன்று. அதற்குப் பக்கத்தில், தலைமயிரிலும் மெல்லிய சுருள் கம்பி.

"இதென்ன தம்பி, மூடி போட மறந்திட்டாங்களோ?"

"இல்லையண்ணே, அது அப்பிடித்தான். எலும்புக்கூட்டு மணிக்கூடு எண்டு சொல்லுறது. சீனாச் சாமான்தான். பெரிய விலையில்லை, ஆனா ஓட்டம் நல்லம்." றிஸ்வி அதை எடுத்து இரண்டு தரம் ஆட்டினான். சுருள் கம்பி விழித்துக்கொண்டது. நித்திரைக் குழந்தையின் வயிறு போல அது விரிந்து சுருங்கத் தொடங்கியது.

"பற்றறியோ, சாவி குடுக்கிறதோ?"

"ரெண்டுமில்லை, ஓட்டோமற்றிக். கையிலை கட்டினாச் சரி. கை ஆட ஆட அது தனக்குத் தானே சாவி குடுத்துக்கொள்ளும்."

சொல்லிக்கொண்டே மணிக்கூட்டை நீட்டியவன் அப்போதுதான் சின்னராசாவின் இடது பக்கத்தைக் கவனித்தான். சேட்டுக் கை முழங்கைக்குக் கீழே மடித்து ஊசி குத்தப்பட்டிருந்தது. மூன்று வருடங்களுக்கு முன், இடம்பெயர்ந்து திரும்பிய புதிதில், வரம்பு செதுக்கும்போது மண்வெட்டி மண்ணுக்குள் கிடந்த வெடி எதிலோ பட்டது. அதற்குப் பிறகு நடந்தது எதுவும் சின்னராசாவுக்கு நினைவில்லை.

இந்த இடத்தில் ஆட்கள் வழமையாகச் செய்வது அவனுக்குத் தெரியும். கண்ணை வேறு பக்கம் திருப்புவார்கள், அல்லது 'ச்சு' கொட்டுவார்கள். றிஸ்வி கொஞ்சம் யோசித்தான்.

"குறை நினைக்காதையுங்கோ அண்ணே. மற்ற மணிக்கூடெண்டாச் சாவி குடுக்க இன்னொரு கை வேணும். இதுக்கு ஒண்டு காணும்."

சின்னராசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடி வயிற்றிலிருந்து, தண்ணீர் இறைக்கும் இயந்திரம் முதலில் இருமுவதுபோல வந்தது. றிஸ்வியும் சிரித்தான். ஒரு சேட்டும் சாரமும் வாங்குகிற காசைக் கொடுத்துச் சின்னராசா அதை வாங்கினான். றிஸ்வியே அதன் தோல் பட்டியை அவன் மணிக்கட்டில் சுற்றிக் கொளுவிவிட்டு, "தண்ணி மட்டும் படக்கூடாது" என்றான். கொளுவியதை யார் கழற்றுவது என்று இருவருக்கும் தோன்றவில்லை.

விதைநெல்காரர் இரண்டு மணிக்கு வந்தார். பேச்சு முடிந்து பஸ்ஸில் ஏறியவன் கிளிநொச்சி வரும்வரை வெளியே பார்க்கவேயில்லை. சக்கரங்களுக்கு இடையில் இருந்த வெளியினூடாகத் தன் கையின் மயிரும் தோலும் தெரிந்தன. பார்க்கப் பார்க்க, வாய்க்காலில் இருந்து கிளை வாய்க்காலுக்கும், கிளையில் இருந்து வயலுக்கும் தண்ணீர் இறங்குவதுபோல, ஒரு சக்கரத்தில் இருந்து மற்றதுக்கு ஏதோ இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் அது தன் தோலுக்குள்ளேயே பாய்வதாகப் பட்டது. பக்கத்தில் இருந்தவர் தோளில் தட்டித்தான் இறக்கிவிட்டார்.

வீட்டில் மனைவி விமலேஸ்வரி மட்டும்தான். மகள் பிரஷாந்தினி வவுனியாவில் சித்தி வீட்டில் நின்று படித்தாள். புருசனின் கையைப் பார்த்த விமலேஸ்வரி, "மணிக்கூடோ?" என்றாள். "ஓம்" என்றான். அதோடு கதை முடிந்தது. அந்த வீட்டில் கதைகள் அப்படித்தான் முடிந்துகொண்டிருந்தன.

சண்டை ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியால் வந்த மூன்றாம் மாதமே சின்னராசா எல்லாவற்றையும் ஒற்றைக் கையால் பழகிவிட்டான். சாரத்தின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு உடுப்பான். சேட்டுத் தெறிகளை ஒரு விரலால் போடுவான். மண்வெட்டிப் பிடியைச் சைக்கிள் டியூப் துண்டால் குறைக் கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வரம்பு கட்டுவான். விமலேஸ்வரி கிட்ட வந்தால், "நான் செய்வன்" என்பான். கோபமாகச் சொல்வதில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு வேலைக்கும் சொன்னான். ஒரு காலத்துக்குப் பிறகு அவள் கிட்ட வருவதை விட்டுவிட்டாள்.

அன்றைக்கு மணிக்கூட்டோடேயே படுத்தான். விடிந்ததும் கிணற்றடிக்குப் போனவனுக்கு அங்கேதான் விசயம் விளங்கியது. குளிக்கவேண்டும், தண்ணீர் படக்கூடாது, கழற்றக் கை இல்லை.

பட்டியின் நுனியைப் பல்லால் இழுத்துப் பார்த்தான். தோல் உப்புக் கரித்தது. கொளுக்கி அசையவில்லை. ஷொப்பிங் பை ஒன்றைக் கைக்கு மேலால் போட்டு, அதன் காதுகளைப் பல்லால் முடியப் பார்த்தான். முடிச்சு விழுந்தது, ஆனால் பைக்குள் கிடக்கிற கையால் எதைப் பிடிப்பது? வாளிக் கயிற்றைக் குறைக் கையின் மடிப்பில் கொளுவி இழுத்தபோது அது வழுகி, வாளி கிணற்றுச் சுவரில் மோதி மோதி உள்ளே போய் விழுந்தது. பிறகு கிணறு நெடுநேரம் முனகிக்கொண்டிருந்தது.

குசினி வாசலில் விமலேஸ்வரி நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியாது. மேலே தூக்கிய கையில் வெள்ளைப் பையோடு நின்ற சின்னராசா, வேலிப்பக்கம் பார்த்தான், தென்னையைப் பார்த்தான், கடைசியில் அவளைப் பார்த்தான்.

"இஞ்சரும்" என்றான். "இதை ஒருக்காக் கழட்டி விடும்."

அவள் உடனே வரவில்லை. காதில் விழுந்தது சரிதானா என்று யோசிப்பவள்போல நின்றாள். பிறகு தேங்காய்ப்பூ ஒட்டியிருந்த கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தாள். பையின் முடிச்சை அவிழ்த்தாள். கொளுக்கியைத் தள்ளி, பட்டியை இழுத்தாள். மணிக்கூடு கழன்றதும் அவன் தோலில் பட்டி அழுத்திய தடம் சிவந்து தெரிந்தது. அதைப் பெருவிரலால் இரண்டு தரம் தேய்த்துவிட்டாள்.

"வாளி எடுக்கப் பாதாளக் கொளுக்கி வாங்கிக்கொண்டு வாறன்" என்று திரும்பியவள், நின்று, "முதுகு தேய்ச்சு விடட்டோ?" என்றாள்.

"நான் செய்…" என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். "ம்" என்றான்.

அதற்குப் பிறகு காலையில் அவள் கட்டிவிடுவாள், பின்னேரம் குளிக்கப் போகும்போது கழற்றிவிடுவாள். முதலில் கட்டியதும் போய்விடுவாள். பிறகு கட்டும்போது அவள் கொஞ்சம் குனிந்து உள்ளே பார்க்கத் தொடங்கினாள். பிறகு கட்டி முடித்த பிறகும் பார்த்தாள். அந்தக் கட்டுகிற நேரம் நாளுக்கு நாள் நீண்டது. தேத்தண்ணி ஆறியது. சில நாள் அடுப்பில் சோறு அடிப்பிடித்தது.

சித்திரையில் கிளிநொச்சிச் சந்தையில் றிஸ்வியைச் சந்தித்தபோது, அவன் இழுபடுகிற சங்கிலிப் பட்டி ஒன்றைக் காட்டினான். "இதைப் போட்டுத் தாறன் அண்ணே. வாயாலை இழுத்து நீங்களே போடலாம், நீங்களே கழட்டலாம். ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை." சின்னராசா அதை வாங்கி இழுத்துப் பார்த்தான். சுருங்கி விரிந்தது, வெயிலில் மினுங்கியது. "நல்லாத்தான் கிடக்கு" என்று திருப்பிக் கொடுத்தான். "இப்ப வேண்டாம் தம்பி."

ஒரு நாள் மத்தியானம், கழற்றுகிற நேரம்கூட இல்லை, விமலேஸ்வரி தானாக வந்து பக்கத்தில் இருந்தாள். வெளியே காற்று ஓய்ந்து, மரங்களெல்லாம் எதையோ மறந்துபோனதுபோல நின்றன. மணிக்கூட்டின் சத்தம் இருவருக்கும் கேட்டது.

"ஒண்டு கேக்கட்டோ? மற்றக் கை… இப்பவும் நோகிறதோ?"

மூன்று வருடமாக யாரும் கேட்காத கேள்வி. கேட்டாலும் இல்லையென்றே சொல்லியிருப்பான்.

"நோகுது எண்டு சொல்லேலாது. அது அங்கைதான் கிடக்கு விமலா. போகேல்லை. பொத்திக்கொண்டு கிடக்கு."

"என்னத்தைப் பொத்திக்கொண்டு?"

"மண்வெட்டிப் பிடியை. அண்டைக்குப் பிடிச்ச பிடி. விரல் அஞ்சும் உள்ளங்கைக்குள்ளை குத்திக்கொண்டு நிக்குது. விரிக்கப் பாக்கிறன், விரியுதில்லை. நித்திரையிலையும் விரியுதில்லை."

அவள் அவனுடைய மடித்த சேட்டுக் கையைப் பார்த்தாள். அதற்குக் கீழே, கதிரைக்கும் தரைக்கும் நடுவில், வெறும் வெளிச்சம் கிடந்த இடத்தைப் பார்த்தாள்.

"மூண்டு வரியமாவோ?"

"ஓம்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"இல்லாத கையை என்னெண்டு சொல்லுறது?" என்றான். பிறகு, "இதைப் பாத்துக்கொண்டிருந்தா மட்டும் அந்தப் பிடி கொஞ்சம் இளகுது" என்று வலது கையை உயர்த்தினான். "ஏனெண்டு தெரியாது. உள்ளுக்குள்ளை எல்லாம் ஒண்டையொண்டு இறுக்காமல் பிடிச்சுக்கொண்டு நிக்குது, பாரும்."

இரண்டு பேரும் தலையோடு தலை முட்டப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிறுபோகம் விதைத்து, வாய்க்கால் தண்ணீர் முறைக்கு வந்தபோதுதான் மணிக்கூட்டின் குணம் தெரிந்தது. அது நாளுக்கு ஐந்தாறு நிமிடம் முந்தி ஓடும். விமலேஸ்வரி றேடியோச் செய்தியோடு அதைச் சரிக்கட்டி வைப்பாள். அந்தக் கிழமை முழுக்க மறந்துவிட்டாள். சின்னராசா தன் முறை வந்துவிட்டதென்று, பக்கத்து வயல்காரர் கணபதியின் மடையை அடைத்துத் தன் மடையைத் திறந்துவிட்டான். கணபதி ஐம்பது வயது மனிதர், கோபக்காரர். மண்வெட்டியோடு வரம்பு வழியே வந்தார்.

"எட, இன்னும் அரை மணித்தியாலம் எனக்குக் கிடக்கு! ஆரைக் கேட்டு அடைச்சனீ?"

"மணிக்கூட்டைக் கேட்டு அண்ணை. மூண்டு மணி."

"எங்கை உன்ர மணிக்கூடு? காட்டு!"

சின்னராசா கையை நீட்டினான். கணபதி அதைப் பிடித்து இழுத்துக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். திட்டுவதற்குத் திறந்த வாய் திறந்தபடியே நின்றது. "இதென்னடாப்பா, உயிரோடை கிடக்கு" என்றார். மண்வெட்டியை வரம்பில் ஊன்றிவிட்டுக் குந்தினார். சின்னராசாவும் குந்தவேண்டியதாயிற்று, கை அவரிடம் இருந்தது. எந்தச் சக்கரம் எதைத் தள்ளுகிறது என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். சின்னராசா தெரிந்தது பாதி, தோன்றியது பாதியாகச் சொன்னான். கொக்குகள் வந்து பக்கத்திலேயே இறங்கின. கடைசியில் தலை நிமிர்ந்தபோது, அவசரத்தில் இறுக்காமல் அடைத்த மடையும் திறந்துவிட்ட மடையும் உடைந்து, தண்ணீர் ஒருவருடைய வயலுக்கும் போகாமல் பள்ளத்துக் காட்டுக்குள் வெள்ளிக் கம்பி போல ஓடிக்கொண்டிருந்தது. கணபதி அதைப் பார்த்தார். சின்னராசாவைப் பார்த்தார். "சரி, காடும் குடிக்கட்டும்" என்றுவிட்டு எழும்பினார்.

ஆடி மாதம் சின்னராசாவுக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. முதல் இரண்டு நாள் கொத்தமல்லி அவித்துக் குடித்துப் பார்த்தான். மூன்றாம் நாள் கட்டில் நடுங்கியது. கணபதிதான் தன் உழவு இயந்திரப் பெட்டியில் பாய் விரித்து, அவனைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

சேலைன் ஏற்ற வேண்டுமென்றார்கள். இருப்பது ஒரு கைதான். அதிலேயே ஊசி குத்தி, அசையக்கூடாதென்று மட்டையோடு சேர்த்துக் கட்டினார்கள். தாதி மணிக்கூட்டைக் கழற்றி விமலேஸ்வரியிடம் கொடுத்தாள். அவள் சோறு ஊட்டினாலும், முகம் துடைத்துவிட்டாலும் சின்னராசா "நான் செய்வன்" என்று சொல்லவில்லை. சொல்லும் நிலையிலும் இல்லை. கண் திறந்தால் கூரை மெல்லச் சுற்றியது. மூடினால் அவன் சுற்றினான்.

அலுமாரித் தட்டில் வைத்த மணிக்கூடு, ஆஸ்பத்திரிக்கு வந்த மூன்றாம் நாள் காலையில் நின்றுபோயிருந்தது. விமலேஸ்வரி சுருள் கம்பி அசையாமல் கிடப்பதைப் பார்த்தாள். எடுத்து ஆட்டினாள். ஓடியது. அதற்குப் பிறகு அதைக் கீழே வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. தன் கையிலேயே கட்டினாள். கடைசி ஓட்டையில் கொளுவியும் அது காப்புகளைத் தள்ளிக்கொண்டு முழங்கை வரை வழுகியது. கட்டிலுக்குப் பக்கத்து மர வாங்கில் இருந்துகொண்டு, தொட்டில் ஆட்டுவதுபோலக் கையை ஆட்டிக்கொண்டேயிருந்தாள். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்த மனிசி, "என்ன பிள்ளை, கை உளைவோ?" என்று கேட்டாள். "ஓம்" என்றாள். ஆட்டுவதை நிறுத்தவில்லை.

ஐந்தாம் நாள் பின்னேரம் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. அந்த இறக்கத்தில் சின்னராசா ஒரு கனவு கண்டான். கிளை வாய்க்காலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறான். இரண்டு கையும் இருக்கிறது. இடது கை தண்ணீருக்குள் கல்லுப்போலப் பொத்திக்கொண்டு கிடக்கிறது. சின்னச் சின்ன மீன்கள் வந்து விரல் மூட்டுகளைக் கொறிக்கின்றன. கூச்சமாக இருக்கிறது. சுண்டுவிரல் முதலில் விட்டது. பிறகு மோதிரவிரல். ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், தாமரை இலைக்கு அடியில் தண்டு நிமிர்வதுபோல நிமிர்ந்தன. மண்வெட்டிப் பிடி கழன்று தண்ணீரோடு போனது. எங்கே போகிறதென்று அவன் பார்க்கவில்லை. உள்ளங்கையில் குளிர்ந்த தண்ணீர் பட்டது. மூன்று வருடத்தில் முதல் தடவையாகப் பட்டது.

கண் திறந்தான். யன்னலால் மஞ்சள் வெயில் விழுந்திருந்தது. விமலேஸ்வரி இருந்தபடியே தூங்கி வழிந்தாள். தூக்கத்திலும் கை ஆடிக்கொண்டிருந்தது.

"விமலா."

திடுக்கிட்டாள். "என்னப்பா? தண்ணி வேணுமோ?"

"கை விரிஞ்சிட்டுது."

அவள் பதறி, மட்டையில் கட்டியிருந்த கையைப் பார்த்தாள். ஊசி சரியாகத்தான் இருந்தது.

"இந்தக் கையில்லை. மற்றது."

விமலேஸ்வரி அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். காய்ச்சல் கதை இல்லையென்று விளங்கியது. கேட்டாள்:

"இப்ப எங்கை கிடக்கு?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "உம்மட மடியிலை."

அவள் குனிந்து பார்த்தாள். மடியில் தோடம்பழப் பை ஒன்று இருந்தது. அதை மெதுவாக எடுத்துக் கீழே வைத்தாள். சேலை மடிப்பைச் சரிசெய்தாள். பிறகு தன் கையைக் கொண்டுவந்து, மடிக்கு மேல், தொடாத உயரத்தில் பிடித்தாள்.

"இஞ்சையோ?"

"இன்னும் கொஞ்சம் இஞ்சாலை."

அசைத்தாள்.

"ஓம். அதிலை."

வைத்த கையை அவள் வெகுநேரம் எடுக்கவில்லை. வார்ட்டுக்குள் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். யாரோ சோற்றுப் பார்சல் பிரித்தார்கள். விமலேஸ்வரியின் கண்ணால் நீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்க வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை.

பத்தாம் நாள் வீட்டுக்குப் போகலாமென்று துண்டு வெட்டி அனுப்பினார்கள். வட்டக்கச்சிக்குப் போகிற பஸ்ஸில் இருவருக்கும் இடம் கிடைத்தது. அவள் யன்னல் பக்கம் இருந்தாள். வெளியே சோளகக் காற்று வீசி, பச்சை வயல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தன. மெலிந்துபோன சின்னராசா அவள் தோளில் சாய்ந்திருந்தான். மணிக்கூடு இன்னும் அவள் கையில்தான். அவன் கேட்கவில்லை, அவளும் கழற்றவில்லை.

"இப்ப எத்தினை மணி?" என்று கேட்டான்.

விமலேஸ்வரி கையைத் திருப்பி, வெயிலுக்குச் சாய்த்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள்.

"என்ன, ஓடுதில்லையோ?"

"ஓடுது, ஓடுது." அவள் வெட்கத்தோடு சிரித்தாள். "எனக்கு இதிலை நேரம் பாக்கத் தெரியேல்லையப்பா. முள்ளு எது, சக்கரம் எது எண்டு பிடிபடுதில்லை."

"அப்ப இவ்வளவு நாளும்? வீட்டிலை றேடியோவோடை சரிக்கட்டினனீர்?"

"அது ஒரு குத்துமதிப்பிலை திருப்பினனான்."

சின்னராசா அவளை நிமிர்ந்து பார்த்தான். வாய்க்காலில் ஓடிப்போன தண்ணீரும் கணபதியின் திறந்த வாயும் ஒருமிக்க அவன் கண்ணுக்கு முன் வந்தன. முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான். சிரிப்பில் இருமல் வந்தது. அவள் நெஞ்சைத் தடவிவிட்டாள். பிறகு அவன் அவளுடைய கையைத் தன் மடிக்கு இழுத்துவைத்து, "இஞ்சை பாரும், இந்தக் கறுத்த முனை உள்ளதுதான் சின்ன முள்ளு" என்று காட்டத் தொடங்கினான். பஸ் குலுங்கியது. அவன் காட்டிய இடத்தை விட்டு அவள் கண் வேறு எங்கோ, சிவப்புக் கல்லின் பக்கத்தில், போய் நின்றது.

"விளங்கினதோ?"

"ம்" என்றாள்.

நடத்துநர் அவர்கள் இறங்க வேண்டிய தரிப்பின் பெயரைச் சொல்லிக் கத்தினார். இருவருக்கும் கேட்கவில்லை. பஸ் இன்னும் இரண்டு தரிப்புத் தாண்டிப்போய், வேப்பமரத்தடியில் நின்ற பிறகுதான் இறங்கினார்கள். அங்கிருந்து வாய்க்கால் கரை வழியே, வெயில் சாயச் சாய, பேசிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்கள்.